கடலுக்குப் போய்க் கிணற்றில் குளித்த கதை

செங்கற்பட்டு,
துர்முகி வருஷம், வைகாசி மாதம்,
ஞாயிற்றுக்கிழமை.

சிரஞ்சீவி மாப்பிள்ளை வெங்கடராகவன் அவர்களுக்கு, மாமனார் உப்பிலி அநேக ஆசீர்வாதம் செய்து எழுதிக்கொண்டது. இவ்விடம் நானும் தங்கள் மாமியார் பர்வதமும் சௌக்கியம். அவ்விடம் தாங்களும், குழந்தை வத்சலாவும், பேத்தி ரமாவும் சௌக்கியமாயிருக்கப் பெருமாளைப் பிரார்த்திக்கிறேன். டில்லியில் அனல் காற்று வீசுவதாகப் பேப்பரில் படித்தேன். வத்சலா நடு மத்தியானத்தில் மொட்டை மாடிக்குப் போய் வடாம் பிழிய வேண்டாமென்று தங்கள் மாமியார் சொல்லச் சொன்னாள். பிழிந்தாகிவிட்டதென்றால் கொஞ்சம் அனுப்பவும் சொன்னாள்.

மேற்படி சௌக்கியங்களில் தங்கள் தகப்பனார் பெயரை நான் சேர்க்கவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். மறந்துபோகவில்லை. வேண்டுமென்றேதான் விட்டேன். பயப்பட வேண்டாம், உடம்புக்கு ஒன்றுமில்லை. மூக்கு நுனியில் தோல் உரிந்திருக்கிறது, கண்கள் சிவந்திருக்கின்றன, அவ்வப்போது தும்முகிறார், அவ்வளவுதான். மனசில்தான் குறை. அந்தக் குறையை உண்டாக்கியவன் நான். பெண்ணைக் கொடுத்த இடத்துக்கு இப்படி ஒரு கடிதம் எழுதும்படி ஆயிற்றே என்று நினைத்தால் பேனா ஓடமாட்டேன் என்கிறது. ஆனாலும் வருகிற வியாழக்கிழமை கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸில் அவரை ஏற்றி அனுப்பச் சொல்லித் தாங்கள் டிக்கெட் அனுப்பியிருக்கிறீர்கள். அவர் அங்கே வந்து இறங்குமுன் நடந்ததைச் சொல்லிவிட வேண்டியது என் கடமை.

சம்பந்தியாவதற்கு முன்னால் அவர் எனக்குச் சீனு. ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே பிரம்பில் அடி வாங்கினவர்கள் நாங்கள். ஆகையால் ‘தங்கள் தீர்த்தரூபர்’ என்று ஒவ்வொரு வரியிலும் எழுதிக்கொண்டிருந்தால் எனக்கு மூச்சு முட்டும். சீனு என்றே எழுதுகிறேன், தாங்கள் தவறாக எடுத்துக்கொள்ளக் கூடாது. தங்கள் தாயார் போன பிறகு சீனு தனியாகச் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டு கிடப்பது தங்களுக்கும் வருத்தம், எங்களுக்கும் வருத்தம். டில்லிக்கு வந்து பிள்ளையோடு இருப்பதுதான் நியாயம். வீட்டையும் காலி செய்தாகிவிட்டது. எங்கள் வீட்டுக் கூடத்தை ஒட்டிய காமிரா அறையில்தான் இப்போது படுக்கை. இதிலெல்லாம் எனக்கு ஆட்சேபமே கிடையாது. சீனுவுக்கும் ஆட்சேபமில்லை, ஒரே ஒரு ஆசையைத் தவிர. தாலுகா ஆபீசில் காலமெல்லாம் ஜமாபந்தி, அடங்கல் என்று பேப்பருக்குள் முங்கிக் கிடந்தவன், பக்கத்தில் இருக்கிற சமுத்திரத்தில் ஆசை தீர ஒரு நாள் முங்கினதில்லை. “அமாவாசைக்குப் போய் மூக்கைப் பிடிச்சுண்டு மூணு முழுக்குப் போட்டதெல்லாம் குளியலாடா உப்பிலி? சங்கல்பம் கிடையாது, புண்ணியம் கிடையாது, சும்மா ஆசைக்கு ஒரு தடவை அலையிலே விழுந்து புரளணும். டில்லியிலே சமுத்திரம் ஏது?” என்றான். கேட்டது இவ்வளவுதான். நவரத்தினம் கேட்கவில்லை, நாலு அலை கேட்டான்.

நானும் ஒன்றும் சமுத்திரத்துக்கு அந்நியன் அல்ல. பூகோள வாத்தியாராக இருந்து வங்காள விரிகுடாவின் ஆழத்தையும், அதில் எந்த மாதம் எந்தப் பக்கம் நீரோட்டம் என்பதையும் ஒரு தலைமுறைக்குப் போர்டில் எழுதிப் போட்டவன். நேரில் முழங்காலுக்கு மேல் இறங்கியதில்லை என்பது வேறு விஷயம். பாடம் நடத்த அது தேவைப்படவில்லை.

சீனுவின் ஆசை காதில் விழுந்ததுமே எங்கள் சிநேகிதர்கள் இரண்டு பேரும் துள்ளி எழுந்தார்கள். ஒருவர் தேவசகாயம், என்னோடு அதே பள்ளிக்கூடத்தில் இருந்து ரிட்டையரான டிராயிங் மாஸ்டர். இன்னொருவர் ஜவுளிக்கடைக் கண்ணாயிரம் முதலியார். தாங்கள் கல்யாணத்தன்று உடுத்தியிருந்த பட்டு அவர் கடையில் எடுத்ததுதான். தேவசகாயத்தின் சகலை சென்னையில் டாக்டர். அவருக்கு மாமல்லபுரத்தில் கடலைப் பார்த்தாற்போல ஒரு சின்ன பங்களா உண்டு. பூட்டித்தான் கிடக்கிறது, நாலு நாள் போய் ஓய்வாக இருந்துவிட்டு வரலாம் என்று ஏற்பாடாயிற்று. நாள் பார்க்கும் பொறுப்பை எல்லோருமாகச் சேர்ந்து என் தலையில் கட்டினார்கள். கட்டினார்கள் என்ன, நானே இழுத்துப் போட்டுக்கொண்டேன். சீனுவுக்குச் சந்திராஷ்டமம் கூடாது, கண்ணாயிரத்துக்கு நட்சத்திரம் ஒத்துவர வேண்டும், கிழக்கே சூலம் இருக்கக் கூடாது, திரும்பும்போது மேற்கே சூலம் இருக்கக் கூடாது, ராகு காலம், எமகண்டம், கரிநாள் எதுவும் குறுக்கே வரக் கூடாது. தேவசகாயத்துக்கு நட்சத்திரமே கிடையாது. “ஞாயித்துக்கிழமை காலைல எனக்குக் கோயில். அது ஒண்ணுதான் சார் என் பஞ்சாங்கம்” என்றார். அதையும் சேர்த்துக்கொண்டேன். கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்து, புதன்கிழமை போய்ச் சனிக்கிழமை திரும்புவது என்று தீர்மானித்தேன். பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது அல்லவா? பௌர்ணமி அதற்கு முந்தின வாரமே முடிந்துபோயிருந்தது. அமாவாசை அடுத்த வாரம் வரப் போகிறது. இரண்டுக்கும் நடுவே இருந்த பள்ளத்தில் எங்கள் யாத்திரையைப் பத்திரமாகக் கொண்டுபோய் வைத்தேன். யாத்திரைக்கு நாள் பார்த்தேனே தவிர, போய் இறங்குகிற இடத்தில் இருப்பது சமுத்திரம் ஆயிற்றே, அதற்கு என்ன நாள் என்று பார்க்கவில்லை. தும்பை விட்டு வாலைப் பிடித்தேன்.

புறப்பாட்டிலேயே தெரிந்திருக்க வேண்டும். அப்போது சீனு இன்னும் அவன் வீட்டில்தான் இருந்தான். அவனை அழைத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போகலாமென்று, கையில் பையும் கக்கத்தில் பஞ்சாங்கமுமாக அவன் தெருவில் நுழைந்தேன். அதே சமயம் அவனும் வாசற்படி இறங்கினான். இறங்கியவன் என்னைப் பார்த்து நின்றான். நானும் நின்றேன். “சீனு, உள்ளே போடா! ஒத்தைப் பிராமணன் எதிரே வந்தாச்சு!” என்று நானே கத்தினேன். “வந்தது நீதானேடா!” என்றான் அவன். நானாயிருந்தாலும் சகுனம் சகுனம்தானே? உள்ளே போய் உட்கார்ந்து ஒரு வாய் தீர்த்தம் சாப்பிட்டுவிட்டு மறுபடி புறப்படச் சொன்னேன். இரண்டாம் தடவையும் எதிரே வந்து நிற்கக் கூடாதென்று நான் தெருவைச் சுற்றிக்கொண்டு அவன் முதுகுப் பக்கமாக வந்து சேர்ந்தேன். அதற்குள் முதல் பஸ் போய்விட்டது. அடுத்த பஸ்ஸில் கண்ணாயிரத்தின் சாய்வு நாற்காலியை மேலே ஏற்றமாட்டேன் என்று கண்டக்டர் தகராறு. பர்வதம் கட்டிக் கொடுத்த புளிக்காய்ச்சல் தூக்கு யாரோ ஒருவருடைய நெல் மூட்டையில் கவிழ்ந்தது. திருக்கழுக்குன்றத்தில் ரேடியேட்டர் கொதித்துப் பஸ் நின்றது. நின்றதே சாக்கென்று கண்ணாயிரம் இறங்கிப் போய் ஒரு கூடை முறுக்கு வாங்கிக்கொண்டு வந்தார். அவருக்குப் பல் செட்டு கட்டி மூன்று மாதந்தான் ஆகிறது. கட்டினது முதல் கடிக்கிற பண்டமாகத் தேடித் தேடித் தின்றுகொண்டிருக்கிறார்.

ஒருவழியாகப் போய்ச் சேர்ந்தோம். பங்களாவைப் பார்த்துக்கொள்கிற காத்தவராயன் அந்தக் குப்பத்துக்காரன், கட்டுமரம் வைத்திருக்கிறான். அவன் பெண்சாதி ஜெகதாம்பாள் கருவாடு விற்கிறவள். இரண்டு பேரும் நல்ல மனுஷர்கள். வெயில் தாழ்ந்ததும் நாலு பேரும் கடற்கரைக்கு இறங்கினோம். சீனு எல்லோருக்கும் முன்னால் போனான். இடுப்பில் துண்டு, மேலே ஒன்றுமில்லை. மார்பில் நரைத்த மயிரும் பூணூலும் காற்றில் பறந்தன. எங்களைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். அந்தச் சிரிப்பை நான் பார்த்து வருஷக்கணக்காகிறது, மாப்பிள்ளை. தங்கள் தாயார் போன பிறகு அவன் வாய் விட்டுச் சிரித்து நான் பார்க்கவில்லை. அலை வந்து அவன் காலுக்கு ஒரு சாண் தூரத்தில் நுரையை விட்டுவிட்டுப் போயிற்று. அடுத்த அலைக்கு அவன் காலை எடுத்து வைக்கப் போனான். அப்போது பார்த்து என் வாயில் சனி வந்து உட்கார்ந்தது. “சீனு, நில்லு! இன்னிக்கு என்ன திதி?” என்றேன்.

அரச மரத்தையும் சமுத்திரத்தையும் சேவிக்கலாம், தொடக் கூடாது என்பது சாஸ்திரம். அரசைச் சனிக்கிழமைகளில் தொடலாம். சமுத்திரத்தை அமாவாசை, பௌர்ணமி மாதிரிப் பர்வ காலங்களில் தொடலாம். மற்ற நாளில் தொட்டால் தோஷம். இது சீனுவுக்கும் தெரிந்ததுதான், ஆசையில் மறந்திருந்தான். நான் பஞ்சாங்கத்தை விரித்துக் காட்டினேன். காற்று பக்கத்தைப் புரட்டிவிட்டது. விரலை வைத்து அழுத்திப் பிடித்துக் காட்டினேன். பக்கத்தில் நின்றிருந்த காத்தவராயனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. “இன்னா சாமி இது, கடல்ல எறங்கவா நாள் பாப்பாங்க? நாங்க தெனம் பூரா அதுலதான் கெடக்குறோம். அப்ப நாங்க அல்லாரும் நரகத்துக்கா போவோம்?” என்றான். “உனக்கு அது தொழிலப்பா, எங்களுக்கு அது ஸ்நானம்” என்றேன். தேவசகாயம் மெல்ல, “எனக்குமா சார் இந்த ரூல்?” என்று கேட்டார். “உமக்கு இல்லை ஓய். ஆனால் நீர் மட்டும் குளித்தால் பார்த்துக்கொண்டு நிற்கிறவன் மனசு என்னாகும்?” என்றேன். அவரும் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். சீனு சண்டை போடவில்லை. போட்டிருந்தால் எனக்கு இப்போது இவ்வளவு வருத்தம் இருக்காது. “கூடாதுன்னா கூடாது. விடு, உப்பிலி” என்று சொல்லிவிட்டுச் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டான். பித்தானை மாற்றிப் போட்டிருந்தான். அதை யாரும் அவனிடம் சொல்லவில்லை.

அதற்கப்புறம் ஓய்வு என்ற பெயரில் நாங்கள் பட்ட பாட்டை என்னவென்று எழுதுவேன்! முன்னால் கண்ணுக்கெட்டிய வரைக்கும் தண்ணீர். நாலு கிழவர்கள் தாழ்வாரத்தில் வரிசையாக உட்கார்ந்து விசிறிக்கொண்டு அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். கத்திரி வெயில் முடிந்துவிட்டதென்று பஞ்சாங்கத்தில் இருக்கிறது, மாமல்லபுரத்து மணலுக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. குளிக்கிறதெல்லாம் பங்களாவின் பின்பக்கத்துக் கிணற்றடியில். அந்தக் கிணற்றுத் தண்ணீரும் உப்பு. கடலிலும் உப்பு, கிணற்றிலும் உப்பு. ஆனால் கிணற்றுக்குத் தோஷமில்லை. அந்தத் தண்ணீரில் போட்ட காபியைக் குடித்துவிட்டுக் கண்ணாயிரம், “இன்னாய்யா இது, காபிக்குத் தாளிச்சுக் கொட்டலாம் போல கீதே!” என்றார். உத்தமமான நாளில் புறப்பட்டு வந்த பலன் இது.

சீனுவின் முகத்தைப் பார்க்க எனக்கு மனசு பொறுக்கவில்லை. அவனுடைய ஏமாற்றம் தீர வேண்டும், டில்லியில் அவனுக்கு நல்லபடியாக இருக்க வேண்டும் என்று அவன் பேரில் சங்கல்பம் செய்துகொண்டு, தினம் விடியற்காலையில் கிணற்றடியில் உட்கார்ந்து வழக்கத்தைவிட அதிகமாக ஜபம் செய்தேன். கிழக்கே பார்த்துத்தான் உட்கார்ந்தேன், ஆனால் நடுவில் பங்களாவின் சுவர். கடல் கண்ணில் பட்டால் எனக்கே சபலம் தட்டும் என்று அந்த இடத்தை நானே தேர்ந்தெடுத்தேன். நான் ஜபத்தில் உட்கார்ந்ததும் மற்ற மூன்று பேரும் காற்று வாங்க நடந்துவிட்டு வருகிறோம் என்று கிளம்பிப் போவார்கள். போய்விட்டு வரட்டும், நடந்தாலாவது மனசு ஆறும் என்று விட்டுவிடுவேன். அவர்கள் திரும்பி வரும்போது சீனுவின் கண்களைப் பார்க்க வேண்டுமே! இரண்டும் கோவைப்பழமாகச் சிவந்திருக்கும். “என்னடா சீனு?” என்று கேட்டால், “ஒண்ணுமில்லை, மணல்” என்பான். எந்த மணல் இரண்டு கண்ணிலும் ஒரே மாதிரி விழும்? கடற்கரையில் நின்று அழுதுவிட்டு வருகிறான் என்று எனக்குப் புரிந்துவிட்டது. வேஷ்டி ஈரமாயிருந்தது. “வேர்வை” என்றான். துக்கத்தில் சிலருக்கு அப்படி வேர்க்கும். மறுநாளிலிருந்து ஜபத்தை இன்னும் கூட்டினேன்.

இந்த லட்சணத்தில் வியாழக்கிழமை காலை கண்ணாயிரத்தின் பல் செட்டு காணாமல் போயிற்று. டம்ளரில் தண்ணீர் ஊற்றிப் போட்டு வைத்திருந்ததாகவும், எழுந்து பார்த்தால் இல்லையென்றும், பல்லில்லாத வாயால் சத்தியம் செய்தார். நாலு பேருமாகப் பங்களாவைத் தலைகீழாகப் புரட்டினோம். நாலு பேர் என்று எழுதினேன், உண்மையில் நான்தான் கட்டிலுக்கடியில் புகுந்து தேடினேன். மற்ற மூன்று பேரும் நின்ற இடத்திலேயே நின்று, தலையைக் குனிந்துகொண்டிருந்தார்கள். சிநேகிதனுக்கு வந்த கஷ்டத்தில் அவர்களுக்குக் கை கால் ஓடவில்லை என்று நினைத்தேன். கடைசியில் நான் யோசித்து ஒரு முடிவுக்கு வந்தேன். காத்தவராயன் வீட்டு நாய் பங்களாவுக்குள் சர்வ சாதாரணமாக வந்து போகிறது. பல் செட்டில் ராத்திரி தின்ற முறுக்கின் வாசனை இருந்திருக்கும். நாய்தான் கவ்விக்கொண்டு போயிருக்க வேண்டும். காத்தவராயனைக் கூப்பிட்டு நாயைக் கட்டிப்போடச் சொன்னேன். அவனுக்குக் கோபம் வந்துவிட்டது. “இன்னா சாமி, எங்க நாயிக்கு வாயில பல்லு இல்லியா? அதுக்கு இன்னாத்துக்கு இன்னொருத்தரு பல்லு?” என்றான். பிறகு என்ன நினைத்தானோ, மற்ற மூன்று பேரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டு நாயைக் கட்டிப் போட்டான். நான் அங்கே இருந்த வரைக்கும் அந்த நாய் என்னைப் பார்த்தபோதெல்லாம் உறுமியது. கண்ணாயிரத்துக்கு மூன்று வேளையும் கஞ்சி. முறுக்குக் கூடை அப்படியே இருந்தது. ஆனால் அவரும் விசித்திரமான மனுஷர். பல்லைப் பறிகொடுத்தவர் என்று சொல்ல முடியாது, கஞ்சியைக் குடித்துவிட்டுத் தானாகச் சிரித்துக்கொள்வார். வருத்தம் முற்றினால் அப்படியும் ஆகும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன்.

தேவசகாயம் மட்டும் உருப்படியாக ஒரு காரியம் செய்தார். கடலை வர்ணத்தில் எழுதி, ஞாபகார்த்தமாக வைத்துக்கொள்ளுங்கள் என்று எனக்குக் கொடுத்தார். நல்ல படம். கரையோரத்து அலைகளுக்கு நடுவே மூன்று கறுப்புப் புள்ளிகள் இருந்தன. “கட்டுமரம் சார்” என்றார். கட்டுமரம் அவ்வளவு கரைக்குப் பக்கத்தில் நிற்காதே என்று பூகோள ரீதியாக நான் ஆட்சேபித்தேன். ஆர்ட்டில் அதெல்லாம் பார்க்கக் கூடாது என்றார். சரியென்று விட்டுவிட்டேன்.

சனிக்கிழமை பஸ்ஸில் திரும்பினோம். சீனு ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வந்தான். கடல் மறைகிற வரைக்கும் தலையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே வந்தான். மறைந்த பிறகு என் கையின் மேல் கையை வைத்து, “நன்னா இருந்ததுடா உப்பிலி” என்றான். பாருங்கள், மாப்பிள்ளை! ஒரு துளித் தண்ணீர் மேலே படாமல் திரும்புகிறவன், அதற்குக் காரணமான என்னையே தேற்றுகிறான். தங்கள் தகப்பனார் அப்பேர்ப்பட்ட மனுஷர். வீட்டுக்கு வந்து நடந்ததைப் பர்வதத்திடம் சொன்னேன். அவள் அரிசி களைந்துகொண்டே, “சமுத்திரத்துக்கு அழைச்சுண்டு போய்க் கிணத்திலே குளிப்பாட்டிக் கூட்டிண்டு வந்திருக்கேள். ஊர் சிரிக்கும்” என்றாள். ஊர் சிரிக்கட்டும், எனக்கு அதுவல்ல கவலை. வியாழக்கிழமை சீனு ரயிலேறிவிட்டால் அப்புறம் அவன் எப்போது வருவான், நான் எப்போது அவனைப் பார்ப்பேன்? எங்கள் வயசில் ‘போய் வருகிறேன்’ என்பதில் பாதிதான் நிச்சயம். கேட்ட ஒன்றையும் கொடுக்காமல் அவனை அனுப்பி வைத்தேன் என்பது சாகிற வரைக்கும் என் நெஞ்சில் முள்ளாக இருக்கும்.

ஆகையால் தங்களிடம் ஒரு பிரார்த்தனை. அந்த டிக்கெட்டை மாற்ற முடியுமா பாருங்கள். வருகிற அமாவாசை வெள்ளிக்கிழமையில் வந்து தொலைக்கிறது. செவ்வாயும் வெள்ளியும் சமுத்திரத்துக்கு ஆகாது. எனவே அதற்கடுத்த பௌர்ணமி வரைக்கும் சீனுவை இங்கே நிறுத்திவைக்க அனுமதிக்க வேண்டும். சாஸ்திரத்துக்கும் விரோதமில்லாமல் அவன் ஆசையையும் தீர்த்து, நானே கையைப் பிடித்து இறக்கி, கரையேற்றி, ரயிலேற்றி அனுப்புகிறேன். மாமனார் கேட்கிறாரே என்று தட்ட வேண்டாம்.

குழந்தை வத்சலா தீர்க்கசுமங்கலியாகவும், ரமாக் கண்ணு பல் முளைத்துப் பேச்சு வந்து சொஸ்தமாகவும், தாங்கள் உத்தியோகத்தில் மேன்மேலும் உயர்ந்தும் இருக்க வேணும்.

இப்படிக்கு, ஆசீர்வாதங்களுடன்,
உப்பிலி.

பின்குறிப்பு: இன்று திங்கட்கிழமை. ஒட்டிய கவரைச் சோற்று ஆவியில் காட்டிப் பிரித்து இதை எழுதுகிறேன். மேலே எழுதியிருப்பதைக் கிழித்துப் போடலாம், ஆனால் மனசில்லை. வருத்தப்பட்டது வருத்தப்பட்டதுதான். தபாலாபீசுக்குக் கிளம்புகிற சமயத்தில் ஜெகதாம்பாள் வாசலில் வந்து நின்றாள். கருவாட்டுக் கூடையைத் தெருக்கோடியில் இறக்கிவைத்துவிட்டு வந்திருந்தாள். முந்தானை முடிச்சை அவிழ்த்து, கண்ணாயிரத்தின் பல் செட்டை எடுத்து என் கையில் வைத்தாள். “எங்க வூட்டுக்காரரு வலையில மாட்டிச்சி சாமி. மீனுதான் பல்லைக் காட்டுதோன்னு பயந்தே பூட்டாரு” என்றாள். டம்ளரிலிருந்த பல் சமுத்திரத்துக்கு எப்படிப் போயிற்று என்று கேட்டேன். அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். “உனக்கு நெசமாவே தெரியாதா? நீ அங்க கெணத்தாண்ட கண்ண மூடிகினு குந்திகினு இருப்ப. இவங்க மூணு பேரும் அலைல வுயுந்து வுயுந்து பொரண்டுகினு இருப்பாங்க. குண்டா இருப்பாரே, அவுரு சிரிச்ச சிரிப்புலதான் பல்லு தெறிச்சிச்சி. அந்த ஒல்லிச் சாமி கீறாரே, அவுரு மேல ஏறவே மாட்டேன்னுட்டாரு. கொயந்த மாரி. எங்க வூட்டுக்காரருதான் தெனம் கையப் புடிச்சி இசுத்துகினு வருவாரு” என்றாள். பர்வதம் அவளுக்கு மோர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, என்னைப் பார்த்துச் சிரிக்காமலிருக்க உள்ளே போய்விட்டாள்.

நான் ஜபத்தைக் கூட்டக் கூட்ட அவர்களுக்குச் சௌகரியமாகப் போயிருக்கிறது. காமிரா அறைக்குப் போய்ப் பல் செட்டைச் சீனுவுக்கு முன்னால் வைத்தேன். அவன் பார்த்தான், தும்மினான், தலையைக் குனிந்துகொண்டான். “தெரிஞ்சா உன் மனசு கஷ்டப்படுமேன்னுதான்டா சொல்லலை” என்றான். கோபம் வரவில்லை என்று எழுதினால் பொய். ஆனால் சாஸ்திரத்தை மீறினானே என்ற கோபமில்லை, மாப்பிள்ளை. “என்னையும் கூப்பிட்டிருக்கலாமேடா!” என்றேன். எனக்கே தெரியாமல் வாயிலிருந்து வந்துவிட்டது. “கூப்பிட்டா வந்திருப்பியா?” என்று கேட்டான். நான் பல் செட்டை எடுத்துத் துண்டில் முடிந்துகொண்டேன். “கிணத்தடியிலே நீ தனியா உக்காந்திருக்கியேன்னு ஒவ்வொரு அலைக்கும் திரும்பித் திரும்பிப் பார்த்துண்டேதான் குளிச்சேன்” என்றான். தேவசகாயம் கொடுத்த படத்தை எடுத்துப் பார்த்தேன். மூன்று புள்ளிகளில் ஒன்று கொஞ்சம் குண்டாகவே இருக்கிறது.

ஆகையால் மேலே கேட்டதை மாற்றிக் கேட்கிறேன். தங்கள் தகப்பனாருக்கு மனக்குறை ஏதும் கிடையாது. பௌர்ணமி வரை காத்திருக்கவும் வேண்டாம். ஆனாலும் டிக்கெட்டை மாற்றித்தான் ஆக வேண்டும். நாளைக் காலை முதல் பஸ்ஸில் நாலு பேரும் மறுபடி போகிறோம். நாளை செவ்வாய்க்கிழமை, ஆகவே ஆகாத நாள். பஞ்சாங்கத்தைப் பர்வதத்திடம் கொடுத்து அரிசிப் பானைக்கு மூடி போடச் சொல்லிவிட்டேன். நாய்க்கு ஒரு பொட்டலம் முறுக்கும் வாங்கி வைத்திருக்கிறேன். ஒரு நாள் போதாதா என்று சீனு கேட்கிறான். போதாது. முழங்காலுக்கு மேல் இறங்கவே எனக்கு இரண்டு நாள் பிடிக்கும். அவன் குளித்தாகிவிட்டது, மாப்பிள்ளை. நான்தான் இன்னும் அவனோடு குளிக்கவில்லை.